பஞ்சுவின் பகல்

எங்கள் நாய்க்குட்டி பஞ்சு வீட்டுக்கு வந்து பன்னிரண்டாவது நாள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், உள்ளே சத்தமே இல்லை. அதற்கு முந்தைய நாட்களில் சாவி பூட்டில் நுழையும்போதே கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கிவிடுவாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், விரித்து வைத்திருந்த துணியை விட்டு விலகி, சமையலறை வாசலில் வெறும் டைல்ஸ் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். தூக்கினேன், தலை நிற்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு கிலோகூட இல்லாத உயிர், கையில் ஈரத்துணி மாதிரி சில்லென்று கிடந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். தடுப்பூசிக்காக ஒரே ஒரு முறை பார்த்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொல்லத் தொடங்கினார். "சர்க்கரையக் கொஞ்சம் தண்ணியில கெட்டியா கரைச்சு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்திடாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். துணியில சுத்திக்கிட்டு உடனே கிளம்பி வாங்க."

மேடவாக்கம் ஜங்ஷன் நெரிசலில் ஆட்டோ நின்றுகொண்டிருக்க, மடியில் அவளை வைத்துக்கொண்டு ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தேன். கிளினிக்கில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒன்பது மணி வாக்கில் கண்ணைத் திறந்து டாக்டரின் விரலை நக்கினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"காலையில எத்தனை மணிக்குச் சாப்பிட்டுது?"

"எட்டு மணிக்குக் கொஞ்சம் சாப்பிட்டா டாக்டர். அப்புறம் தட்டுல வச்சுட்டுத்தான் போனேன்."

"வச்சது அப்படியே இருந்துச்சா?"

இருந்தது. பதினொரு மணி நேரம், ஒரு உருண்டைகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. அதற்கு முந்தைய நாட்களிலும் பாதிக்கு மேல் மிஞ்சித்தான் இருந்தது. ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வேறு பாக்கெட் மாற்றியிருந்தேன். பயத்தில் இருக்கும் குட்டி தனியாக இருக்கும்போது சாப்பிடாது என்பது எனக்குத் தெரியாது.

டாக்டர் விளக்கினார். பெரிய நாய்க்குக் கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரைச் சேமிப்பு இருக்கும், ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இத்தனூண்டு குட்டிக்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. மூளையோ சர்க்கரை இல்லாமல் ஓடாது. அதனால் பாமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரியான சின்ன இனங்களுக்கு முதல் மூன்று நான்கு மாதம் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எதையாவது வயிற்றில் போட்டே ஆக வேண்டும். தவறினால் முதலில் சோர்வு, அப்புறம் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு. அதையும் தாண்டினால் உயிர் போய்விடும். பஞ்சு நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கிறாள்.

வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மாசம்னு சொல்லிக் குடுத்தாங்களா? பால் பல்லே இன்னும் முழுசா வரலையே. வாங்கும்போது நாப்பது நாள் இருந்தா அதிகம்." 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. நாங்கள் கேட்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை.

அந்த விற்றவர் சொன்ன வேறொரு வாக்கியம்தான் இன்றும் மனதில் நிற்கிறது. "சின்ன ஜாதி மேடம், ஃப்ளாட்டுக்குன்னே பொறந்தது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்களா? அப்ப இதுதான் உங்களுக்குச் சரி." இதை அவர் மட்டும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கேட்டவர்கள், உறவினர்கள், எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். சின்ன நாய் என்றால் சின்ன வேலை என்று ஒரு கணக்கு எல்லார் மனதிலும் இருக்கிறது. இடத்தைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. நேரத்தைப் பொறுத்தவரை நேர் எதிர். சின்ன வயிறு அடிக்கடி பசிக்கும். சின்ன மூத்திரப்பை சீக்கிரம் நிறையும். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது அடக்கிவைக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். சின்ன இனத்துக்கு அதுவும் வராது. என் அலுவலகப் பகல், சோழிங்கநல்லூர் போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால், பத்து மணி நேரத்துக்கு மேல்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் திட்டவில்லை. "ஒரு பச்சப்புள்ளய உள்ள வச்சுப் பூட்டிட்டா போவாங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் இல்லை. ஊரில் எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருந்தது. ஆனால் அது தனியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. திண்ணையில் தாத்தா இருப்பார், கொல்லையில் யாராவது நெல் புடைத்துக்கொண்டிருப்பார்கள், தெருவில் இன்னும் நாலு நாய் இருக்கும். எல்லோருமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது என்பது வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போதுதான். அப்போதும் அடுத்த வீட்டில் சோற்றுக்குச் சொல்லிவிட்டுப் போவோம். நாய் வளர்க்க எனக்குத் தெரியும் என்று நான் நம்பியது அந்த வீட்டை வைத்து. பூட்டிய வீட்டில் நாய் வளர்க்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டு டீச்சரம்மா கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அதுவரை லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். பஞ்சுவைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. நீங்க போனதுக்கு அப்புறம் மத்தியானம் வரைக்கும் கத்துது. கொழந்த அழற மாதிரியே இருக்கு. நான் ரெண்டு மூணு நாள் உங்க கதவுக்கு வெளியில உக்காந்து பேசிப் பாத்தேன். என் குரல் கேட்டா கொஞ்ச நேரம் நிறுத்தும்."

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி, இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் பேசும் அறுபத்தைந்து வயது அம்மா. இதைக் கேட்டபோது எனக்கு உறைத்தது. ஆள் எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறார். என்னிடம் இல்லாதது சாவியை நீட்டிக் கேட்கும் மனம் மட்டும்தான். நகரத்தில் பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் வைத்திருந்த நாகரிகத்தில் பஞ்சு பதினொரு மணி நேரம் பட்டினி கிடந்தாள்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன். இதே நிலையில் யாராவது இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் ஐந்து நாள் விடுப்பு. அப்புறம் மேலாளரிடம் உள்ளதைச் சொல்லி இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை. நாய்க்குட்டிக்காக என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனால் சொன்னேன். சரி என்றார். அந்த மூன்று வாரம் முடிவதற்குள், அவள் தனியாக இருக்கும் பகலைத் துண்டு துண்டாக உடைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். என் கணவர் அம்பத்தூருக்குக் காலை ஏழு மணிக்கே கிளம்புபவர், அவரால் பகலில் வர வழியில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்கா காலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்தார். நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். குட்டிக்குச் சாப்பாடு வைத்து, மூத்திரத்துக்கு விரித்த பேப்பரை மாற்றி, அரைமணி நேரம் கூட இருக்க மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடுதலாகப் பேசிக்கொண்டோம். இரண்டு மணிக்கு டீச்சரம்மா. சாவியைக் கொடுத்தபோது அவர் அதை வாங்கித் தன் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்தார். நான் காலை ஒன்பதுக்குக் கிளம்பி ஐந்தரைக்குள் திரும்பும்படி வேலையை மாற்றிக்கொண்டேன். மிச்ச வேலை இரவில். ஆக, பஞ்சு ஒரே மூச்சில் தனியாக இருக்கும் நேரம் இரண்டரை மணி, அதிகம் போனால் மூன்றரை.

சிலர் கேட்டார்கள், நாய்க் காப்பகம் இருக்கிறதே, அங்கே விடலாமே என்று. இப்போது சென்னையில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அங்கே விட வேண்டுமானால் தடுப்பூசி முழுவதும் முடிந்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை போகும். அதற்கு முன் பத்து நாய் புழங்கும் இடத்தில் விட்டால் பார்வோ வந்துவிடக்கூடும், அந்த வைரஸ் குட்டிகளை இரண்டு மூன்று நாளிலேயே கொண்டுபோய்விடக்கூடும். அதாவது உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மாதங்களில் காப்பகக் கதவு திறக்காது. அந்த இரண்டு மூன்று மாதத்தை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆளை வைத்துத்தான் கடக்க முடியும். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேமராவும் குறுக்குவழி இல்லை. பழைய போன் ஒன்றை டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்து முதலில் பதிவு செய்து பார்த்தேன். அது ஒரு விதத்தில் உதவியது, என்ன நடக்கிறது என்று தெரிந்தது. நான் கிளம்பிய உடனே கதவைப் பிறாண்டினாள். நாற்பது நிமிடம் கத்தினாள். எச்சில் வழிந்து மார்பு முடியெல்லாம் நனைந்துவிட்டது. அப்புறம் களைத்துத் தூங்கினாள். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் விழித்து மறுபடி கதவுக்கு ஓடினாள். "அழுது அழுது தானாப் பழகிடும்" என்று சொல்பவர்களிடம் இந்தப் பதிவைக் காட்டத் தோன்றும். அதில் பழகிய அடையாளமே இல்லை. நாளுக்கு நாள் பயம்தான் கூடியிருந்தது. அதைவிட முக்கியமானது, கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் என்னால் ஒரு வாய் சோறு ஊட்ட முடியாது.

தனியாக இருப்பதும் பழக்க வேண்டிய ஒன்றுதான், உட்காரு, வா என்று பழக்குவதைப் போல. டாக்டர் சொன்ன முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். பஞ்சுவுக்கு என் கைப்பையின் ஜிப் சத்தமே போதும், நடுங்கத் தொடங்கிவிடுவாள். அதனால் முதல் சில நாட்கள் பையை மாட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்காருவேன், எங்கும் போக மாட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு காய் நறுக்குவேன். சாவியை எடுத்து மறுபடி மாட்டுவேன். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை. பை என்றால் பிரிவு என்கிற முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. அப்புறம் கதவுக்கு வெளியே போய்ப் பத்து நொடி. அவள் கத்தத் தொடங்கும் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். பத்து நொடி முப்பதாகி, இரண்டு நிமிடமாகி, கீழே போய்த் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரும் நேரமாகி, இரண்டு வாரத்தில் இருபது நிமிடம் வந்தது. ஒரு நாள் மேல்மாடியில் துளைபோடும் மெஷின் சத்தத்தில் மிரண்டு எல்லாம் பழைய நிலைக்குப் போனது. மறுபடி பத்து நொடியிலிருந்து தொடங்கினோம்.

போகும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறுவதை நிறுத்தினேன். திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றி, கை கழுவி, அவள் நாலு காலையும் தரையில் வைத்த பிறகு தூக்குவேன். அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அவளுக்கென்று கூடத்தின் மூலையில் கம்பித் தடுப்பு வாங்கி வைத்தோம். நாலடிக்கு மூன்றடி இருக்கும். ஒரு ஓரம் படுக்கை, எதிர் ஓரம் பழைய பேப்பர், நடுவில் கனமான மண்சட்டியில் தண்ணீர். நாய் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யப் பிடிக்காது என்பதால் பேப்பரும் படுக்கையும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதலில் நாங்கள் அவளை வீடு முழுக்க விட்டுவிட்டுப் போனோம், சுதந்திரமாக இருக்கட்டும் என்று. சார்ஜர் வயர் கடிபட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தப்பு என்று புரிந்தது. பால்கனிக் கம்பி இடைவெளியில் பஞ்சுவின் தலை தாராளமாக நுழையும், மூன்றாவது மாடி. சோபாவிலிருந்து குதித்தால்கூட இந்த அளவு குட்டிகளுக்கு முன்னங்கால் எலும்பு முறியக்கூடும், டாக்டர் அதைத்தான் அதிகம் பார்ப்பதாகச் சொன்னார். தடுப்புக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுவோம், கம்பியில் மாட்டிக்கொண்டால் எடுத்துவிட ஆள் இருக்காது.

ஆனால் தடுப்பு என்பது நாளெல்லாம் அடைத்து வைப்பதற்கில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே, எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமலிருப்பதைக் கொடுமை என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கும் அதே தொகைதான். ஸ்வீடனில் இருக்கும் என் கல்லூரித் தோழி சொன்னாள், அங்கே பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறதாம். குட்டிக்கு இன்னும் அடிக்கடி. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் நாயைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போவது அங்கே சர்வசாதாரணம். பிரிட்டனில் பி.டி.எஸ்.ஏ. என்கிற கால்நடை அறக்கட்டளை, வளர்ந்த நாயைக்கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள் என்கிறது. நாம் எட்டு மணி நேரம் அலுவலகம், இரண்டு மணி நேரம் டிராஃபிக் என்று வாழ்ந்துகொண்டு, அந்த இடைவெளியை நாய்க்குட்டி எப்படியாவது சமாளித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம்.

துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்று நானும் யோசித்தேன். டாக்டர் வேண்டாம் என்றார். அழுவது மனிதத் துணைக்கு, இன்னொரு குட்டி வந்தால் இரண்டும் சேர்ந்து அழும், இரண்டு மடங்கு மூத்திரம் போகும் என்றார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. பகலில் ஆள் ஏற்பாடு செய்ய முடியாத வீட்டுக்குக் குட்டி வேண்டாம், இரண்டு மூன்று வயதான நாயைத் தத்தெடுங்கள் என்பது. வளர்ந்த நாய் பகலில் பெரும்பாலும் தூங்கும், அடக்கிவைத்துக்கொள்ளும், ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. நாட்டு நாய் என்றால் சென்னை வெயிலையும் நன்றாகத் தாங்கும். பஞ்சுவை வாங்கும் முன்பு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது அவள் இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை, அது வேறு விஷயம்.

வெயில் என்றதும் மே மாதம் ஞாபகம் வருகிறது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். பஞ்சுவுக்கோ இரட்டை அடுக்கு முடி. டீச்சரம்மா போன் செய்தார். "நீ வராத, நான் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன், எங்ககிட்ட இன்வர்ட்டர் இருக்கு." அவர் வீட்டு ஈரத்தரையில், மின்விசிறிக்குக் கீழே, நாலு காலையும் விரித்துக்கொண்டு படுத்திருக்கும் போட்டோவும் பின்னாலேயே வந்தது. நாங்களும் அந்த மாதமே இன்வர்ட்டர் வைத்தோம்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். பகலில் வருபவர்கள் பாசத்தில் எதையாவது கொடுப்பார்கள், அது இயல்பு. அதனால் குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினேன்: திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது என்று. வேலைக்கு வரும் அக்காவுக்குப் படிக்கச் சிரமம், அதனால் படமாக வரைந்தேன். பாயசத்தில் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொன்னபோது அக்கா நம்பவே இல்லை. "எங்க தெரு நாயெல்லாம் எல்லாத்தையும் திங்குதே" என்றார். ஆனாலும் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

பஞ்சுவுக்கு இப்போது ஒன்றரை வயது. நான்கரைக் கிலோ. பையை எடுத்தால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, துளைக்குள் வேகவைத்த கேரட்டை அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொம்மைக்காகத் தடுப்பிடம் தானே போய் நிற்கிறாள். தடுப்பின் கதவை மூடுவதில்லை. நான்கு மணி நேரம் தாராளமாக இருப்பாள். என்றாலும் இரண்டு மணிக்கு ஆள் வருவதை நிறுத்தவில்லை.

போன மாதம் டீச்சரம்மா மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். போகும் முன் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், நான் வாங்கவில்லை. பஞ்சுவுக்கு அவர் ஊரில் இல்லை என்று எப்படித் தெரியும்? இரண்டு மணிக்குச் சரியாக எழுந்து போய்க் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். அழுவதில்லை, உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காட்சியை டீச்சரம்மாவுக்கு அனுப்பினேன். அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வருகிறது. பச்சைக்குழந்தை ஒரு பக்கம் கத்தும் சத்தம் கேட்கும், அதற்கு நடுவில் கேட்பார், "சாப்பிட்டாளா?"

அவர் வரும் வரைக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து போகிறேன். போக வர ஐம்பது நிமிடம், வீட்டில் இருபது நிமிடம். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைப்பேன். டீச்சரம்மாவின் குரல் கேட்டதும் பஞ்சு தலையைச் சாய்த்துப் போனைப் பார்ப்பாள். அப்புறம் எழுந்து வாசலுக்குப் போய், கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள்.